அன்றாடப் பயணத்திற்கு மின்சாரக் கார்

காலையில் அலுவலகம், மாலையில் வீடு, இடையே பள்ளி, அங்காடி, மருத்துவமனை: நகரத்தில் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கார் ஒரு நாளில் 30 அல்லது 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது அரிது. எஞ்சிய 22 மணி நேரமும் அது ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. மின்சாரக் காரைப் பற்றிய எந்த ஆராய்ச்சிக்கும் இவ்விரு உண்மைகளே தொடக்கமாக அமைய வேண்டும். ஓடும் தூரம் குறைவு என்பதால் சிறிய மின்கலமே போதும். நிற்கும் நேரம் மிகுதி என்பதால் மெதுவாக மின்னேற்றினாலும் போதும். ஆயினும், கார் வாங்க முற்படுவோர் பெரும்பாலும் ஆண்டிற்கு இருமுறை செல்லும் நெடும் பயணத்தையே மனத்தில் கொண்டு தேர்வு செய்கின்றனர். இதனால் சிலர் தேவைக்கு மேற்பட்ட விலை கொடுக்கின்றனர். வேறு சிலர் தமக்குப் பொருத்தமான வண்டியையும் வேண்டாம் என்று ஒதுக்குகின்றனர்.

2023-24-இல் நம் நாட்டில் விற்பனையான பயணிகள் கார்களில் மின்சாரக் கார்களின் பங்கு நூற்றுக்கு இரண்டு என்ற அளவைச் சற்றே கடந்தது. எண்ணிக்கை இன்னும் சிறிதாக இருக்கும் இக்காலமே, தேர்வு, ஓட்டம், மின்னேற்றம் ஆகிய மூன்றையும் பற்றித் தெளிவான கருத்துகளை உருவாக்கிக்கொள்ள ஏற்ற காலமாகும்.

பழைய எண்ணம், புதிய கருவி

மின்சாரக் கார் புதுமையான கண்டுபிடிப்பு அன்று. 1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஓடிய மோட்டார் வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தால் இயங்கியவை. பெட்ரோல் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பும் தொல்லை 1912-க்குப் பின் நீங்கியதும் அவற்றின் செல்வாக்கைக் குறைத்தன.

நம் நாட்டில் 1993-இல் 'லவ்பேர்ட்' என்னும் சிறிய மின்சாரக் கார் தில்லி மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்டது. 2001-இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வெளிவந்தது. ஈய அமில மின்கலங்களைக் கொண்ட அவ்வண்டி ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 80 கிலோமீட்டர் ஓடியது. கனமான மின்கலம், குறுகிய ஆயுள், நீண்ட மின்னேற்ற நேரம் ஆகியவையே அக்கால வண்டிகளின் குறைகள். லிதியம் அயனி மின்கலத்தின் விலை படிப்படியாக இறங்கிய பின்னரே நிலைமை மாறியது. 2020 ஜனவரியில் அறிமுகமான டாட்டா நெக்ஸான் மின்சாரக் கார் 30.2 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்துடன் வந்தது. நடுத்தரக் குடும்பம் எண்ணிப் பார்க்கத்தக்க விலையில் அன்றாடப் பயன்பாட்டிற்கான மின்சாரக் கார் இந்தியச் சாலைகளில் பரவத் தொடங்கியது இதன் பின்னரே எனலாம்.

அரசின் கொள்கையும் உடன் வளர்ந்தது. 2013-இல் தேசிய மின்சாரப் போக்குவரத்து இயக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2015-இல் ஃபேம் திட்டமும், 2019-இல் ரூ. 10,000 கோடி ஒதுக்கீட்டில் அதன் இரண்டாம் கட்டமும் தொடங்கின. 2019 ஆகஸ்டு முதல் மின்சார வாகனங்களின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள், பேருந்துகள், மின்னேற்ற நிலையங்கள் முதலியவற்றுக்கு உதவுகிறது. தனிப்பட்டோர் வாங்கும் காருக்கு அதில் மானியம் இல்லை. எனவே, கார் வாங்குவோர் வரிச் சலுகையைக் கணக்கில் கொள்ளலாம், மானியத்தை எதிர்பார்க்கலாகாது. சாலை வரிச் சலுகை மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுவதால், அதனை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே விலையைக் கணக்கிட வேண்டும்.

தேவையை முதலில் அளத்தல்

கடைக்குச் செல்வதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. இப்போதைய வண்டியின் தூரங்காட்டியை ஒரு மாதம் நாள்தோறும் குறித்து வரவேண்டும். அக்குறிப்பிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கும்: வழக்கமான நாளில் ஓடும் தூரம், மாதத்தில் மிக அதிகமாக ஓடிய நாளின் தூரம், மாதத்தின் மொத்தத் தூரம். முதல் எண் மின்னேற்றத்திற்கு எவ்வளவு நேரம் தேவை என்பதையும், இரண்டாவது மின்கலத்தின் அளவையும், மூன்றாவது வாங்குவது ஆதாயமா என்பதையும் காட்டும்.

சிறிய அல்லது நடுத்தர மின்சாரக் கார் நகரச் சாலையில் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடும். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மின்திறன் ஒரு மணி நேரம் செலவாகும் அளவு என்பதை மாணவர் அறிவர். வீட்டு மின்மீட்டரில் பதிவாகும் அதே யூனிட்டைக் கொண்டே காரின் மின்கலமும் அளக்கப்படுவது வாங்குவோருக்கு ஒரு வசதி. மின்னேற்றத்தின்போது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை வெப்பமாக வீணாவதால், மீட்டர் கணக்கில் ஒரு யூனிட்டிற்கு 6 கிலோமீட்டர் என்று கொள்வது பொருந்தும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு மீட்டரில் ஏறும் செலவு 7 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. 30 யூனிட் மின்கலம் உள்ள வண்டி வாரத்தில் இரண்டு முறை மின்னேற்றம் பெற்றாலே அத்தேவை நிறைவேறும். இதற்காக 60 அல்லது 70 யூனிட் மின்கலத்தை வாங்குவது, நால்வர் வாழும் குடும்பம் இருபது பேருக்கான வீட்டைக் கட்டுவது போன்றது.

அறிவிக்கப்பட்ட தூரமும் உண்மைத் தூரமும்

விளம்பரத்தில் காணும் தூரம் சோதனைக் கூடத்தில் அளக்கப்பட்டது. சோதனையில் சராசரி வேகம் குறைவு, குளிர்சாதனம் இயங்குவதில்லை. 30.2 யூனிட் மின்கலம் கொண்ட மேற்கூறிய காருக்கு அறிவிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். அதாவது ஒரு யூனிட்டிற்கு 10 கிலோமீட்டருக்கும் மேல். அன்றாட ஓட்டத்தில் இது எட்டாத எண். அறிவிக்கப்பட்ட தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை உண்மைத் தூரமாகக் கொள்வது பாதுகாப்பான கணக்காகும்.

மின்கலத்தைக் கடைசித் துளிவரை பயன்படுத்துவதும் இயலாது. 10 விழுக்காட்டை இருப்பாகக் கருத வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல மின்கலத்தின் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறையும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆகவே, மிக அதிகமாக ஓடும் நாளின் தூரம் 120 கிலோமீட்டர் என்றால், உண்மையில் 180 கிலோமீட்டர் ஓடவல்ல வண்டி போதுமானது. அதனிலும் பெரியது வசதியே அன்றித் தேவை அன்று.

மின்கலத்தின் வகை

இன்று நம் நாட்டுக் கார்களில் இருவகை லிதியம் மின்கலங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. முதல் வகையில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் ஆகியவை சேர்கின்றன. எடைக்கு ஏற்ற ஆற்றல் இதில் அதிகம். இரண்டாவது வகை லிதியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம். இதன் எடை சற்று மிகுதி. ஆனால் விலை குறைவு, அதிகமுறை மின்னேற்றத்தைத் தாங்கும், வெப்பத்தில் எளிதில் நிலைகுலைவதில்லை. கோடையில் 45 டிகிரி செல்சியசை எட்டும் நகரங்கள் பல உள்ள நம் நாட்டில், அன்றாடப் பயன்பாட்டிற்கு இரண்டாவது வகையே பெரிதும் ஏற்றது எனலாம்.

இரண்டையும் பேணும் முறை வேறு. முதல் வகையை நாள்தோறும் 80 விழுக்காடு வரை மட்டும் மின்னேற்றுவது ஆயுளை நீட்டிக்கும். இரும்பு பாஸ்பேட் வகையில், இருப்பைச் சரியாகக் காட்டுவதற்காக அவ்வப்போது முழுமையாக மின்னேற்ற வேண்டுமெனத் தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். எவ்வகையாயினும், மின்கலத்தைப் பூச்சிய நிலையிலோ முழு நிலையிலோ வாரக்கணக்கில் விட்டுவைத்தல் கூடாது. நெடுநாள் வெளியூர் செல்வோர் பாதியளவு மின்னேற்றத்துடன் வண்டியை நிழலில் விட்டுச் செல்வது நலம்.

பாதுகாப்பைப் பற்றிய ஐயம் பலருக்கு உண்டு. 2022-இல் மின்சார இரு சக்கர வண்டிகள் சில தீப்பற்றியதை அடுத்து மின்கலச் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன. கார்களுக்கான ஏ.ஐ.எஸ்.-038 தரமும் அப்போது திருத்தப்பட்டது. இத்திருத்தங்கள் 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. இதற்கு முந்தைய வண்டியைப் பழைய விற்பனையில் வாங்குவோர் மின்கலத்தின் நிலையை அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் சோதித்து எழுத்து மூலம் சான்று பெறுவது இன்றியமையாதது. பொதுவாக எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை மின்கலத்திற்கு உத்தரவாதம் தரப்படுகிறது. கொள்ளளவு எத்தனை விழுக்காட்டிற்குக் கீழே குறைந்தால் மாற்றித் தருவர், உரிமையாளர் மாறினால் உத்தரவாதம் தொடருமா என்னும் இரு வினாக்களுக்கு விடை பெறாமல் முன்பணம் கட்டலாகாது.

வீட்டில் மின்னேற்றம்

மின்னேற்றம் இருவகைப்படும். வீட்டில் கிடைக்கும் மாறுதிசை மின்னோட்டத்தைக் காரினுள் இருக்கும் மின்னேற்றி நேர்திசை மின்னோட்டமாக மாற்றி மின்கலத்திற்கு அனுப்புவது முதல்வகை, இது மெதுவானது. நெடுஞ்சாலை நிலையங்களில் பெரிய இயந்திரமே இம்மாற்றத்தைச் செய்து நேர்திசை மின்னோட்டத்தை நேரடியாக மின்கலத்தில் செலுத்துவது இரண்டாம் வகை, இது விரைவானது. இந்தியாவில் விற்பனையாகும் இன்றைய கார்களில் பெரும்பாலானவை முதல்வகைக்கு டைப் 2 இணைப்பையும், இரண்டாம் வகைக்கு சி.சி.எஸ். 2 இணைப்பையும் கொண்டுள்ளன.

வீட்டில் குளிர்சாதனத்திற்கும் வெந்நீர்க் கொதிகலத்திற்கும் பயன்படும் 15 ஆம்பியர் பிளக்கே மின்னேற்றத்திற்குப் போதும். அதில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். நாள்தோறும் தேவைப்படும் 7 யூனிட்டிற்கு இரண்டரை மணி நேரம் போதும். வெறுமையான 30 யூனிட் மின்கலத்தை நிரப்ப ஓர் இரவு தேவைப்படும். சுவரில் பொருத்தப்படும் 7.2 கிலோவாட் மின்னேற்றி இந்நேரத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கும். ஆனால், அதற்கு 32 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட மின்பளு 3 அல்லது 4 கிலோவாட்டாக உள்ள வீடுகளில், மின்பளுவை உயர்த்த மின்வாரியத்திற்கோ வழங்கல் நிறுவனத்திற்கோ விண்ணப்பிக்காமல் இதைப் பொருத்துவது தவறு. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்திற்குப் பெரும்பாலும் இது தேவையுமில்லை.

மூன்று முன்னெச்சரிக்கைகள் தவிர்க்க இயலாதவை. முதலாவது, எர்த் இணைப்பு முறையாக இருத்தல் வேண்டும். பழைய வீடுகளில் கம்பி இருக்கும், எர்த் இராது. பெரும்பாலான கார்கள் எர்த் இல்லாத இடத்தில் மின்னேற்றத்தைத் தாமே மறுத்துவிடும். அதனை ஏமாற்றும் குறுக்கு வழிகளை நாடுவது உயிருக்கு ஆபத்தானது. இரண்டாவது, மின்மீட்டர்ப் பலகையிலிருந்து காருக்கெனத் தனிக் கம்பியும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் சாதனமும் அமைக்க வேண்டும். மூன்றாவது, நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்தலாகாது. சலவைப் பெட்டி பத்து நிமிடம் இயங்குவதும், கார் பத்து மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் எடுப்பதும் ஒன்றல்ல. தளர்ந்த பிளக் சூடேறி உருகுவதே வீட்டு மின்னேற்றத்தில் நேரும் விபத்துகளுக்குப் பொதுவான காரணம். வாரத்திற்கு ஒருமுறை, மின்னேற்றம் நடக்கும்போது பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால், கை பொறுக்காத சூடு எச்சரிக்கை தரும்.

சட்டத் தடை எதுவும் இல்லை. மின்னேற்றம் செய்வது மின்சாரத்தை விற்பது ஆகாது; அது ஒரு சேவையே, உரிமம் வேண்டுவதில்லை என மத்திய மின் அமைச்சகம் 2018-இல் விளக்கமளித்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள இணைப்பிலேயே கார் உரிமையாளர் மின்னேற்றிக்கொள்ளலாம் என்பது 2022-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகளில் உறுதி செய்யப்பட்டது. விரும்புவோர் காருக்கெனத் தனி மின் இணைப்புக் கோரும் உரிமையை 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் வழங்குகின்றன.

ஓட்டும் முறை

மின்சாரக் காரில் கிளட்ச் இல்லை. கியர் மாற்றும் வேலை இல்லை. மிதியை அழுத்தியவுடன் முழு விசையும் கிடைப்பதால் வண்டி எதிர்பாராத விரைவுடன் பாயும். புதிதாக ஓட்டுவோர் முதல் சில நாட்கள் நெரிசல் குறைந்த சாலையில் பழகுவது நலம். வண்டி ஓசையின்றி வருவதால் நடந்து செல்வோர் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை மறத்தலாகாது.

மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறி, சக்கரத்தின் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. இதனை மீளாக்க பிரேக் என்பர். நின்று நின்று செல்லும் நகர நெரிசலில் பெட்ரோல் கார் அதிக எரிபொருளை விழுங்க, மின்சாரக் கார் சிக்கனமாக ஓடுவதற்கு இதுவே காரணம். மாறாக, நெடுஞ்சாலையில் பிரேக் போடும் வாய்ப்பும் குறைவு. வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது உள்ள காற்றெதிர்ப்பு, 100 கிலோமீட்டரில் ஒன்றரை மடங்கிற்கும் மேலாகிறது. எனவே, மின்கலம் குறைவாக உள்ளபோது வேகத்தைக் குறைப்பதே தூரத்தை நீட்டிக்கும் முதல் வழி.

மும்பை - புணே விரைவுச் சாலைப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தூரம் சுமார் 150 கிலோமீட்டர். விரைவான ஓட்டத்தில் யூனிட்டிற்கு 6 கிலோமீட்டர் என்றால் 25 யூனிட் செலவாகும். புணே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆட்களுடன் 1,500 கிலோ எடையுள்ள காரை அவ்வுயரத்திற்கு ஏற்ற மட்டும் 2.3 யூனிட் ஆற்றல் வேண்டும் என்பதை இயற்பியல் மாணவர் எளிதில் கணக்கிடலாம். ஆக, 30 யூனிட் மின்கலத்துடன் கிளம்பியவர் 27 யூனிட்டிற்கு மேல் செலவழித்து, இருப்பைத் தொட்டுக்கொண்டுதான் புணேயை அடைவார். திரும்பும் வழியில் மலையிறக்கத்தில் ஒரு பகுதி மீண்டும் சேர்வதால் 24 யூனிட் அளவே செலவாகும். ஒரே சாலை, ஒரே கார். ஆயினும் செல்லும் திசையைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. போகும்போது வழியில் இருபது நிமிடம் மின்னேற்றத் திட்டமிட்டவருக்கு இது சிக்கலன்று. திட்டமிடாதவருக்குக் கடைசி இருபது கிலோமீட்டர் பெருங்கவலையாகும்.

மற்றவை சிறு குறிப்புகளே. டயரின் காற்றழுத்தம் குறைந்தால் தூரம் குறையும். வெயிலில் நின்ற காரைப் புறப்படுமுன், மின்னேற்றக் கம்பி இணைந்திருக்கும்போதே குளிர்வித்துக்கொண்டால் மின்கலம் மிச்சமாகும். மின்கலம் நீர்புகாத உறையில் அமைந்திருந்தாலும் வெள்ளத்தில் மூழ்கிய காரை இயக்கவோ மின்னேற்றவோ கூடாது. பணிமனைக்கு இழுத்துச் செல்ல வேண்டும்.

பொது மின்னேற்ற நிலையங்கள்

நகரங்களில் 3 கிலோமீட்டர் நீள அகலமுள்ள ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒன்று, நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என நிலையங்களை அமைக்க 2022-ஆம் ஆண்டு நெறிகள் வகுத்தன. 2024-ஆம் ஆண்டு நெறிகள் இதனை மேலும் நெருக்கமாக்கின. ஆனால், நிலையம் இருப்பது வேறு, அது இயங்குவது வேறு. நெடும் பயணம் செல்வோர் தாம் நம்பியிருக்கும் நிலையத்திற்கு மாற்றாக அடுத்த நிலையம் ஒன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதனை அடையப் போதிய இருப்பு உள்ளபோதே முதல் நிலையத்தில் நிறுத்த வேண்டும்.

விரைவு மின்னேற்றத்தில் 10 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏறுவதற்குப் பல கார்களில் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். 80-க்கு மேல் மின்கலத்தின் பாதுகாப்பிற்காக வேகம் வெகுவாகக் குறைக்கப்படுகிறது. எஞ்சிய 20 விழுக்காட்டிற்காகக் காத்திருப்பதைவிட, அடுத்த நிலையத்தில் மீண்டும் நிறுத்துவதே சிக்கனம். பின்னால் வரிசையில் நிற்பவருக்கும் அதுவே மரியாதை.

குடும்பக் கணக்கு

வீட்டு மின்சாரம் யூனிட் ரூ. 8, பெட்ரோல் லிட்டர் ரூ. 100, பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று கொள்வோம். மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 1.33 செலவாகும், பெட்ரோல் காருக்கு ரூ. 6.67. மிச்சம் ரூ. 5.34. இரண்டு கார்களின் விலை வேறுபாடு ரூ. 3 இலட்சம் எனில், நாளொன்றுக்கு 40 கிலோமீட்டராக ஆண்டிற்கு 12,000 கிலோமீட்டர் ஓடுபவர் ரூ. 64,000 மிச்சப்படுத்தி ஐந்தாண்டுக்குள் அவ்வேறுபாட்டை ஈடு செய்வார். நாளொன்றுக்கு 15 கிலோமீட்டரே ஓடுபவருக்கு அதே ஈடு கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். வீட்டில் வசதியின்றி யூனிட் ரூ. 20 கொடுத்துப் பொது நிலையத்தையே நம்பியிருப்பவருக்குக் கிலோமீட்டர் மிச்சம் ரூ. 3.34 தான், ஆண்டிற்கு 12,000 கிலோமீட்டர் ஓடினாலும் அவருக்கு ஏழாண்டுக்கு மேலாகும்.

2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால், சிறிய கார்களில் இவ்விலை வேறுபாடு முன்னைவிடக் கூடியுள்ளது என்பதையும் கருத வேண்டும். கடன் வட்டியும் காப்புறுதிக் கட்டணமும் ஒருபுறமும், எண்ணெய் மாற்றும் செலவு இல்லாமை மறுபுறமும் கணக்கைச் சற்று மாற்றும். ஆயினும் முடிவு ஒன்றே: மின்சாரக் காரை ஆதாயமாக்குவது அதன் விலை அன்று, அது ஓடும் தூரமும், வீட்டில் உள்ள பிளக்குமே ஆகும். குறைவாக ஓட்டுபவர் பழைய காரையே பேணி வருவதும், பேருந்தையும் இரயிலையும் நாடுவதும் அவருக்கும் நாட்டிற்கும் நன்மையே.

நாட்டின் கணக்கு

நம் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியால் நிறைவேறுகிறது. எண்ணெய்க்கு மாற்றாக உள்நாட்டு மின்சாரம் பயன்படுவது அந்நியச் செலாவணியைக் காக்கும். ஆனால், லிதியம் மின்கலத்திற்கான மூலப்பொருள்களுக்கு நாம் வெளிநாடுகளையே பெரிதும் சார்ந்திருக்கிறோம். உள்நாட்டில் மின்கல உற்பத்தியை வளர்க்க 2021-இல் ரூ. 18,100 கோடி ஊக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டதும், பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்தும் விதிகள் 2022-இல் இயற்றப்பட்டதும் இக்குறையைப் போக்கவே.

புகையின் கணக்கும் நேர்மையாகப் பார்க்கத்தக்கது. நம் மின் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இதன்படி மின்சாரக் கார் கிலோமீட்டருக்குச் சுமார் 120 கிராம் வெளியீட்டிற்குக் காரணமாகிறது; லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் 150 கிராம். மின்னனுப்பு இழப்பையும் மின்கலம் தயாரிக்கும்போது ஏற்படும் வெளியீட்டையும் சேர்த்தால் வேறுபாடு மேலும் சுருங்கும். நகரத் தெருவில் புகை இல்லை என்ற நன்மை உடனடியானது. புவி வெப்பத்தைக் குறைக்கும் நன்மையோ மின்சாரம் எவ்வழியில், எந்நேரத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

இங்குதான் அலுவலர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி உள்ளது. 2025-இல் நம் மின் நிறுவுதிறனில் பாதி, புதைபடிவமல்லாத மூலங்களைச் சேர்ந்ததாயிற்று. அவற்றுள் சூரிய மின்சாரம் பெரும் பங்கு வகிக்கிறது. அது நண்பகலில் பெருகி, மாலையில் மறைகிறது. ஆனால், கார் உரிமையாளர் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியதும் மின்னேற்றத்தைத் தொடங்குகிறார். அந்நேரமே விளக்கும் குளிர்சாதனமும் உச்ச அளவில் மின்சாரம் கேட்கும் நேரம். 100 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றி உள்ள ஒரு தெருவில் பத்து வீடுகள் 7 கிலோவாட் மின்னேற்றியை ஒருசேர இயக்கினால், அம்மின்மாற்றியின் பெரும்பகுதியை அவையே எடுத்துக்கொள்ளும். அதே பத்துக் கார்கள் நள்ளிரவுக்குப் பின், 3 கிலோவாட் வீதத்தில், முறைவைத்து ஏற்றினால் மின்மாற்றி அதை உணர்வதும் இல்லை.

2023-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் நேரத்திற்கேற்ற கட்டணத்திற்கு வழிவகுத்துள்ளன. சூரிய ஒளி உள்ள நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது அவ்விதி. இதன் பயன் முழுமையாகக் கிடைக்க வேண்டுமாயின், பகலில் கார் நிற்கும் இடத்தில் பிளக் வேண்டும். பகலில் கார் நிற்குமிடம் அலுவலகமே. ஓர் அரசு அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் இருபது 15 ஆம்பியர் பிளக்குகளை, தனி மீட்டருடனும் முறையான எர்த்துடனும் அமைப்பது, ஒரு விரைவு நிலையத்தை நிறுவுவதைவிட எளிய பணி. எட்டு மணி நேரம் நிற்கும் காருக்கு விரைவு வேண்டுவதில்லை.

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைப்போர்க்கு 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட்டிற்கு ரூ. 78,000 வரை மானியம் தருகிறது. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆகவே, காரின் 7 யூனிட்டிற்கு இரண்டு கிலோவாட் தகடு போதும்.

பிளக் இல்லாதவர்

சொந்தக் கூரையும் வாயிலும் உடையவர்க்கு மேற்கூறியவை எளிது. வாடகைக்கு இருப்போர், அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் வாழ்வோர், தெருவோரத்தில் வண்டியை நிறுத்துவோர் ஆகியோரின் நிலை வேறு. மின்சாரக் காரின் செலவு நன்மை, இவர்கள் அனைவரையும் விட்டு, தனி வீடு உடையவரை மட்டுமே சென்றடையுமாயின் அது குறைபட்ட வளர்ச்சியே. 2019-இல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள் புதிய கட்டடங்களின் வாகன நிறுத்துமிடத்தில் 20 விழுக்காட்டில் மின்னேற்ற வசதியை வலியுறுத்துகின்றன. அவற்றை மாநிலங்களும் உள்ளாட்சி மன்றங்களும் ஏற்று நடைமுறைப்படுத்துவதும், வரைபடத்தில் உள்ள பிளக் கட்டடத்திலும் உள்ளதா என்று பார்த்தே நிறைவுச் சான்று வழங்குவதும் வேண்டும். பழைய குடியிருப்புகளில் சங்கத்தின் மறுப்பு பெரும்பாலும் இரண்டு அச்சங்களால் எழுகிறது: மின்கட்டணத்தை யார் தருவது, தீ விபத்து நேருமா என்பவை. தனி மீட்டர் முதல் அச்சத்தையும், தகுதி பெற்ற மின்பணியாளர் அமைத்த இணைப்பு இரண்டாவதையும் பெருமளவு போக்கும்.

மின்சாரக் கார் அனைவர்க்கும் ஏற்றதன்று. எவர்க்கும் ஏற்காததும் அன்று. நாள்தோறும் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் காரும், நிறுத்துமிடத்தில் நல்ல எர்த்துடன் ஒரு பிளக்கும் உடையவர் தயக்கமின்றி அதை நாடலாம். இவ்விரண்டில் ஒன்று இல்லாதவர் பொறுத்திருக்கலாம். முதலாவது அவரவர் வாழ்க்கை முறையைச் சார்ந்தது. இரண்டாவதை அமைத்துத் தருவது கட்டட விதியும், மின் வழங்கல் அலுவலகமும், அலுவலக வாகன நிறுத்துமிடமும் செய்யத்தக்க பணியாகும். வண்டிகள் வந்துவிட்டன, அவை நிற்கும் இடங்களில் மின்சாரம் பாதுகாப்பாகக் கிடைக்கச் செய்வதே இனி எஞ்சியுள்ள கடமை.